எல்லாருக்கும் ஒரே அளவு

அரையங்குலம் என்று எல்லாரும் கூப்பிடும் தையல்காரர் ஒரு விஞ்ஞானக் கதையைக்கூட முழுசாகப் படித்ததில்லை. ஆனாலும் நீராவியால் ஓடும் உலகத்துக்கும் டீசலால் ஓடும் உலகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அவரைப் போல் சுருக்கமாகச் சொல்ல அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

"நீராவின்னா இடுப்பு ஒடுங்கணும், பாக்கெட் நிறைய வேணும். டீசல்னா தோள் அகலணும், பாக்கெட் பெருசா ரெண்டு போதும்" என்பார்.

ஏன் என்று கேட்டால் கத்தரியை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். "நீராவிக் காலத்துல ஆளாளுக்கு எதையாவது கண்டுபிடிச்சுக்கிட்டே இருக்கான். சாமான் வைக்க எடம் வேணாமா? டீசல் காலத்துல கண்டுபிடிப்பெல்லாம் முடிஞ்சுபோச்சு, சண்டைதான் பாக்கி. சண்டைக்கு எதுக்குப் பாக்கெட்டு?"

பட்டப்பெயர் வந்த கதை பெரிசில்லை. எந்தத் துணியைத் தைத்தாலும் உள்தையலில் அரை அங்குலம் கூடுதலாக விட்டுவைப்பார். வாங்கிப் போகிறவரிடம் அதைச் சொல்லாமலும் விடமாட்டார். உடம்பு நாளைக்கு என்ன முடிவெடுக்கும் என்று யாருக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அதை அக்கறையாக எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் தாங்கள் குண்டாகப் போவதாக அவர் சாபம் விடுகிறார் என்று முணுமுணுத்தார்கள்.

கடைக்கு மேல்மாடியில் பல் ஆஸ்பத்திரி. ஒருநாள் பல் டாக்டர் அம்மாள் தன் வெள்ளைக் கோட்டோடு படியிறங்கி வந்து, அதில் பித்தளைச் சக்கரங்களைப் பொத்தானாக வைத்து, கைமடிப்பில் ரப்பர் குழாய் ஓடுகிற மாதிரி தைத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

"நோயாளி பயந்துர மாட்டாங்களா டாக்டர்?"

"இது நோயாளிக்கு இல்ல மாஸ்டர். எங்க கூட்டத்துக்கு."

கூட்டம் என்றால் வாசகர் வட்டம். ஒரு லிஃப்ட் இன்ஸ்பெக்டர், ஒரு கணக்கு டீச்சர் என்று வயது வந்த, வேலை பார்க்கிற, வரி கட்டுகிற மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து, நடக்காத எதிர்காலங்களைப் பற்றிச் சண்டை போடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ஏதாவது ஒரு கதை உலகத்தின் குடிமக்களாக உடுத்திக்கொண்டு அங்கே ஒரு பகல் முழுக்க வாழ்வார்கள். ஸ்டீம்பங்க், டீசல்பங்க், சோலார்பங்க், பயோபங்க் என்று டாக்டர் அடுக்கியபோது, இவர்கள் ஏதோ பெட்ரோல் பங்க் வைக்கப் போகிறார்கள் என்று அரையங்குலம் நினைத்ததில் தப்பில்லை. டீசலும் சேர்ந்து வந்தால் யார்தான் நினைக்க மாட்டார்கள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். பங்க் என்றால் அடங்காதவன். ஒவ்வொரு உலகத்தையும் ஏதோ ஒரு சக்தி ஓட்டுகிறது. மேலே இருப்பவர்கள் அதை வைத்து எல்லாரையும் மேய்க்கிறார்கள். கீழே ஒருத்தன் மட்டும் அடங்க மறுக்கிறான். கதை அவனுடையது.

"அடங்காதவனுக்கு அளவெடுக்கிறது கஷ்டம் டாக்டர். நின்ன எடத்துல நிக்க மாட்டான்" என்றார் அரையங்குலம். சொல்லிக்கொண்டே கோட்டை வாங்கி வைத்தார்.

அப்படித் தொடங்கியது. துணியை வெட்டும் முன் அவர் கேட்கும் கேள்விகள் வட்டத்தில் பிரசித்தமாயின. அந்த உலகத்தில் துவைக்கத் தண்ணீர் இருக்கிறதா? அங்கே யார் தைக்கிறார்கள்? துணியை எதால் பூட்டுகிறார்கள், பொத்தானா, கொக்கியா, நாடாவா? வெயிலை நம்பி, தோட்டம் போட்டு, சமாதானமாக வாழும் சோலார்பங்க் ஊரில் ஜிப் வைக்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஜிப்புக்குத் தொழிற்சாலை வேணும். தொழிற்சாலை வந்துட்டா சமாதானம் எங்க இருக்கும்?" கடல்மேல் மிதக்கும் ஊருக்கு இரும்புக் கொக்கி ஆகாது, துரு ஏறும், மரப் பொத்தான்தான் என்றார். உயிருள்ள தோலால் ஆன கோட்டு வேண்டும் என்று பயோபங்க் வருஷத்தில் கேட்டபோது, "இந்தக் கோட்டுக்கு வேர்க்குமா?" என்று சாதாரணமாகக் கேட்டு வைத்தார். அன்று சாயங்காலம் வரை வட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. எல்லாரும் சிரித்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்ட ஒரு கெட்ட எதிர்காலத்துக்கு, முகம் தொங்க முடியாதபடி தாடையை முட்டுக்கொடுக்கும் விறைப்பான காலர் வைத்தார். அதைப் போட்டவர்களுக்கு உண்மையிலேயே அழ வரவில்லை. கழுத்துத்தான் வலித்தது.

மெல்ல மெல்ல ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டது. தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், பல் விளக்கும் முறை எழுதிய படத்துக்குக் கீழே. கழுத்தில் அளவு நாடா தொங்க அங்கே உட்கார்ந்திருப்பார். விவாதம் முட்டுச்சந்தில் போய் நிற்கும்போது யாராவது திரும்பி, "மாஸ்டர், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்பார்கள்.

அந்தக் கேள்விதான் அவரைக் கட்டிப்போட்டது. கடையில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: எப்போ ரெடியாகும்?

"சம்பளமில்லாத மந்திரி கிளம்பிட்டாரு" என்பாள் அவர் மனைவி, ஞாயிறுதோறும் அவர் சட்டையை மாற்றும்போது. அவள் பல வருஷம் தொலைபேசி அலுவலகத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவள். இப்போது கடையில் காஜா எடுப்பதும் பொத்தான் தைப்பதும், வாடிக்கையாளர்களிடம் கணவருக்குப் பதிலாகப் பேசுவதும் அவள் பொறுப்பு. கற்பனை உலகங்கள்மேல் அவளுக்கு மரியாதை இல்லை. அவற்றின் பொத்தான்களை மட்டும் அவள் ஒழுங்காகத் தைத்துக் கொடுத்தாள்.

இந்த வருஷ உலகத்தை டாக்டரே எழுதியிருந்தார். மனிதர்களுக்குள் பொறாமையே கூடாது என்று முடிவெடுத்த ஒரு அரசாங்கம் எல்லாருக்கும் ஒரே கோட்டு வழங்குகிறது. ஒரே சாம்பல் நிறம், ஒரே வெட்டு, ஒரே அளவு. கோட்டு பொருந்தாவிட்டால் குற்றம் உடம்பினுடையது. குடிமக்கள்தான் கோட்டுக்கு ஏற்ற மாதிரி இளைக்கவோ பெருக்கவோ, முடிந்தால் நீளவோ வேண்டும்.

"ஒரே அளவுன்னா எந்த அளவு டாக்டர்?"

"ஏதோ ஒரு அளவு மாஸ்டர். அதுதான் விஷயமே. யாருக்கும் பொருந்தக் கூடாது."

அரையங்குலத்துக்கு முதுகில் யாரோ ஐஸ் தண்ணீர் ஊற்றியது போல் இருந்தது. ஆனாலும் தலையாட்டினார்.

துணியை அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே வெட்டாகத்தான் வெட்டினார். அதுவரை அரசாங்கம் சொன்னபடி நடந்தது. அடையாளத்துக்காக ஒவ்வொரு கோட்டிலும் அவரவர் பெயர்ச் சீட்டை மனைவி குத்திவைத்ததில்தான் வினை வந்தது. சீட்டைப் பார்த்ததும் கைக்கு ஆள் ஞாபகம் வந்துவிடும். லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்கு வயிறு முன்னால் வரும், கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாம். கணக்கு டீச்சருக்குக் கை நீளம், மடிப்பை இறக்கிவிடலாம். டாக்டருக்கு இடது தோள் லேசாகச் சாயும், நாள் முழுக்க நோயாளிமேல் குனிகிறவர், ஒரு சின்ன பேடு வைத்தால் தெரியாது. ஒவ்வொன்றும் கால் அங்குலம், அரை அங்குலம். தான் எந்தச் சட்டத்தையும் மீறுவதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒத்திகை பார்க்க எல்லாரும் காத்திருப்பு அறையில் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார்கள். லிஃப்ட் இன்ஸ்பெக்டர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பி இன்னொருமுறை பார்த்தார்.

"டாக்டர், நான் அடிமைன்னு யார் நம்புவா? எனக்கே நம்பிக்கை வரலையே. இதைப் போட்டுக்கிட்டு எங்க மேலதிகாரியைப் பார்க்கப் போகலாம்போல இருக்கு."

"லிஃப்ட் சார், நீங்க இவ்வளவு நேரா நிப்பீங்கன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்" என்றார் கணக்கு டீச்சர்.

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. அவர் கோபக்காரர் இல்லை. வாயைத் திறந்தபடி வலியில் இருக்கிறவர்களோடு பேசிப் பழகிய நிதானக் குரல் அவருக்கு.

"மாஸ்டர், நான் கேட்டது கொடுங்கோல் ஆட்சி. நீங்க குடுத்திருக்கிறது கல்யாண வரவேற்பு."

"கொஞ்சம்தான் பிடிச்சேன் டாக்டர். அரை அங்குலத்துக்கு மேல எதுவும் இல்ல."

"அந்த அரை அங்குலத்துலதான் என் கதையே செத்துப்போச்சு. தப்பா நினைச்சுக்காதீங்க. அடுத்த ஞாயிறு வரைக்கும் பார்க்கிறேன். முடியலைன்னா யூனிஃபார்ம் தைக்கிற தொழிற்சாலையில சொல்லிடலாம்னு எல்லாரும் பேசினோம். அவங்களுக்கு இது ரொம்ப ஈஸி. இனிமே வருஷா வருஷம் அவங்களையே வச்சுக்கலாம்னும் ஒரு யோசனை."

கெட்ட எண்ணத்தோடு சொன்னதல்ல. அதனால்தான் அதிகம் உறைத்தது. வேலை போனால் போகட்டும், பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் கடையில் தைக்கத் துணி குவிந்துகிடக்கும். ஆனால் தைக்காத தையல்காரருக்கு அந்த அறையில் நாற்காலி எதற்கு? தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் அடுத்த வருஷம் வேறு எதையாவது வைப்பார்கள். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்க ஆளிருக்காது.

கோட்டுகளைச் சுமந்து கீழே வந்தார். மனைவி மூட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"என்னவாம்?"

"நல்லா இருக்காம்."

"நல்லா இருந்தா ஏன் திரும்பி வந்துச்சு?"

சொன்னார். அவள் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "ஏங்க, ஊர்ல தைக்கத் தெரியாதவனெல்லாம் கடை போட்டு உக்காந்திருக்கான். உங்களுக்குக் கெடுக்கத் தெரியலையா? என்கிட்ட குடுங்க. மத்தியானத்துக்குள்ள அத்தனையும் நாசம் பண்ணித் தர்றேன்."

"கோணல்மாணலாத் தைச்சா அது தப்பாத் தைச்ச கோட்டு. அரசாங்கக் கோட்டு இல்ல. தையல் சுத்தமா இருக்கணும், ஆனா பொருந்தக் கூடாது. அதுதான் வரமாட்டேங்குது. ஒரு உடம்பு கண்ணு முன்னால இல்லாம என் கத்தரி நகராது."

அவள் ஒரு பொத்தானைத் தைத்து முடித்து நூலைக் கடித்தாள். "எங்க ஆபீஸ்ல காதுல மாட்டிக்கிற கருவி ஒண்ணு குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? ஒருத்தி காதை நசுக்கும், இன்னொருத்திக்குக் கழுத்துல விழும். நல்ல சாமான், வெளிநாட்டுச் சரக்கு. யாரோ ஒரு ஆளுக்கு அளவெடுத்து அழகாத்தான் செஞ்சிருக்கான். அந்த ஆளு மட்டும் கடைசி வரைக்கும் வேலைக்கு வரல."

அரையங்குலம் சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மறுநாள் கணக்கு டீச்சர் பள்ளி விட்டுப் போகும் வழியில் கடையில் நிறுத்தப்பட்டார். வட்டத்தில் உள்ள எல்லாருடைய தோள், மார்பு, இடுப்பு, கை, உயரம் அத்தனைக்கும் சராசரி வேண்டும் என்றார் அரையங்குலம். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். பள்ளியில் அவர் போடும் கணக்கை யாரும் விரும்பிக் கேட்டது கிடையாது. சராசரி வந்தது. அந்த எண்களுக்குச் சொந்தக்காரர் யாரும் வட்டத்தில் இல்லை. லிஃப்ட் இன்ஸ்பெக்டரின் வயிறும் டீச்சரின் கையும் டாக்டரின் தோளும் பங்குபோட்டுப் பெற்ற பிள்ளை மாதிரி, இல்லாத ஒரு மனிதன். அவனை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு அரையங்குலம் புதுத் துணியை வெட்டினார். அவனுக்காக ஆசையாகத் தைத்தார். கைக்குழி அவனுக்கு இதமாக இருக்கும்படி வளைத்தார். அவனுக்கும் நாளைக்கு உடம்பு பெருக்கலாம் என்று உள்தையலில் அரை அங்குலம் விட்டுவைத்தார். பெயர்ச் சீட்டை மட்டும் எதிலும் குத்த விடவில்லை.

அடுத்த ஞாயிறு டாக்டரிடம், தயார், மண்டபத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். விழா நாள் காலை மண்டபத்தில் கோட்டுகள் வழங்கப்பட்டன. டாக்டரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்குப் பொத்தான் எட்டவில்லை, மூச்சைப் பிடித்துப் பூட்டினார். பிறகு மூச்சை விட முடியவில்லை. கணக்கு டீச்சரின் மணிக்கட்டுகள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன, தன் கணக்கு தன்னையே கைவிட்டதை அவர் நம்ப முடியாமல் பார்த்தார். டாக்டருக்குக் காலர் காதைத் தொட்டது. எல்லாரும் இழுத்தார்கள், சொறிந்தார்கள், ஒருவரையொருவர் எரிச்சலோடு பார்த்துக்கொண்டார்கள்.

"மாஸ்டர், பயங்கரம்! எவ்வளவு சுத்தமான தையல், எவ்வளவு அவஸ்தை! இதைத்தான் கேட்டேன்" என்றார் டாக்டர்.

அரையங்குலத்துக்கு உயிர் திரும்பி வந்தது. மண்டபத்தில் குளிர்சாதனம் வேறு நடுங்க வைத்தது. மிச்சம் ஒரு கோட்டு இருந்தது, யாருக்காவது கிழிந்தால் ஆகும் என்று தைத்தது. குளிருக்குத்தானே என்று எடுத்து மாட்டிக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற டீச்சர் முதலில் பேச்சை நிறுத்தினார். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

கோட்டு அவருக்கு அப்படியே பொருந்தியிருந்தது. தோளில் ஒரு சுருக்கம் இல்லை. கை மணிக்கட்டில் வந்து நின்றது. பொத்தான் தானாகப் பூட்டிக்கொண்டது. வட்டத்தில் எல்லாருடைய அளவையும் எடுத்தவர், தன் அளவை யாரும் எடுத்ததில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தார்.

"வேலைக்கு வராத ஆளு வந்துட்டாருடி அம்மா" என்றாள் கோட்டு எடுத்துக் கொடுக்க வந்திருந்த மனைவி, யாரிடம் என்றில்லாமல்.

டாக்டருக்கு இதைவிட என்ன வேண்டும். "மாஸ்டர், நீங்கதான் மாதிரிக் குடிமகன்! மேடையில ஏறி நில்லுங்க. ஒண்ணும் பேச வேணாம். சும்மா நின்னா போதும். எங்களுக்கு உங்களைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வரணும்."

நின்றார். கீழே குடிமக்கள் வரிசையில் வந்தார்கள். மேடைக்கு முன்னால் வந்ததும் ஒவ்வொருவரும் அவரைப் பார்த்து, பிறகு தன் கோட்டைப் பார்த்து, வெட்கப்பட்டு நகர வேண்டும் என்பது கதை. முதலில் அரையங்குலத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. வரிசையில் வந்த ஒவ்வொரு தோளையும் பார்த்துக் கை துறுதுறுத்தது. இங்கே பிரிக்கலாம், அங்கே பிடிக்கலாம்.

நேரமாக ஆகக் கை அடங்கியது. கோட்டு கதகதப்பாக இருந்தது. சட்டை மாதிரி இல்லை, சொந்தத் தோல் மாதிரி இருந்தது. மேடையிலிருந்து பார்க்கும்போது கோட்டில் குறையே தெரியவில்லை. மனிதர்கள்தான் கோணலாகத் தெரிந்தார்கள். லிஃப்ட் இன்ஸ்பெக்டர் முகம் சிவக்க, தொப்பையைப் பிடித்துக்கொண்டு வந்து முன்னால் நின்றார். அவரைப் பார்த்ததும் அரையங்குலத்தின் மனசில் ஒரு வாக்கியம் தெளிவாக, கோபமில்லாமல், மிக நியாயமாக எழுந்தது.

இந்த மனுஷன் கொஞ்சம் வயித்தை உள்ள இழுத்தா என்ன?

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ வயிறுகளைச் சுற்றி நாடா பிடித்தவர் அவர். ஒரு வயிற்றையும் அப்படி நினைத்ததில்லை. இடைவேளை விட்டதும் முதல் வேலையாகக் கோட்டைக் கழற்றி மடித்து மனைவி கையில் கொடுத்தார்.

"ஏன், குளிரலையா?"

"குளிரட்டும்" என்றார்.

சாயங்காலம் எல்லாரும் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, விடுதலையடைந்தவர்களாக டீ குடித்தார்கள். வட்டத்தின் சரித்திரத்திலேயே இதுதான் சிறந்த நரகம் என்று ஏகமனதாக முடிவானது. தொழிற்சாலைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. டாக்டர் சர்க்கரை அதிகம் போட்ட டீயை, அது தன் தொழிலுக்கே துரோகம் என்று தெரிந்தும், ரசித்துக் குடித்தபடி திரும்பினார்.

"அடுத்த வருஷ உலகத்தை நீங்க சொல்லுங்க மாஸ்டர். இது உங்க வருஷம். நீராவி, கடிகாரம், கடலு, உப்பு, எது வேணா சொல்லுங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அரையங்குலம், பொறுப்பான ஆள் வெட்டும் முன் யோசிக்கிற மாதிரி யோசித்தார்.

"தைக்காத உலகம்" என்றார்.

"அப்படின்னா?"

"ஊசியே கிடையாது. கண்டுபிடிக்கவே இல்ல. மத்ததெல்லாம் உண்டு. ராக்கெட்டுகூட இருக்கட்டும். ஆனா துணின்னா நெய்ஞ்சபடி ஒரு நீளத் துணி, அவ்வளவுதான். அவங்கவங்க உடம்புக்கு அவங்கவங்க சுத்திக்கணும், முடிஞ்சுக்கணும். எவனும் எவனுக்கும் அளவு சொல்ல முடியாது."

வட்டத்தில் உடனே சண்டை ஆரம்பித்தது. ஊசியில்லாமல் ராக்கெட்டில் போகிறவன் என்ன செய்வான், துணி மிதக்காதா என்றார் கணக்கு டீச்சர். மிதக்கட்டுமே, தொப்பைக்கு நல்லது என்றார் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். இதற்கு என்ன பங்க் என்று பெயர் வைப்பது என்று இருவர் தனியே மோதினார்கள். இந்த உலகத்தில் அடங்காதவன் என்ன செய்வான் என்று ஒருவர் கேட்டதற்கு, ரகசியமாக ஒரு பொத்தான் வைத்துக்கொள்வான் என்று இன்னொருவர் பதில் சொன்னார்.

டாக்டர் மட்டும் சந்தேகத்தோடு பார்த்தார். "எல்லாம் சரி மாஸ்டர். தைக்கிறதே இல்லைன்னா, அடுத்த வருஷம் உங்களுக்கு என்ன வேலை?"

"வேலை எதுக்கு டாக்டர்?" என்றார் அரையங்குலம். "ஞாயித்துக்கிழமை வர்றேன்ல."

"வரலைன்னா சும்மா விட்டுருவோமா?" என்றார் டாக்டர். பிறகு, தண்ணீர்க் குடத்துப் பக்கம் உட்கார்ந்து பேசினால் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்பதில்லை, இனி மாஸ்டர் நடுவில் உட்காரட்டும் என்று லிஃப்ட் இன்ஸ்பெக்டரிடம் நாற்காலியை நகர்த்தச் சொன்னார். மண்டபத்து நாற்காலிக்கும் ஆஸ்பத்திரி நாற்காலிக்கும் சம்பந்தமில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. லிஃப்ட் இன்ஸ்பெக்டர் கைக்குக் கிடைத்த ஒரு நாற்காலியை இழுத்து நடுவில் போட்டார். அரையங்குலம் போய் உட்கார்ந்தார்.